கழித்துக்கொண்ட இருபதாயிரம்

வங்கியில் 34 ஆண்டுகள் பணியாற்றியவன் நான். எத்தனையோ வாகனக் கடன் விண்ணப்பங்கள் என் மேஜையைக் கடந்திருக்கின்றன. ஆயினும் சொந்தமாகக் கார் வாங்கும் எண்ணம் 66 வயது வரை எனக்கு எழவில்லை. பேத்திக்காகவே அது எழுந்தது.

பாபநாசத்தை அடுத்த எங்கள் கிராமத்திலிருந்து தஞ்சையிலுள்ள அவளுடைய கல்லூரிக்குச் சுமார் 25 கிலோமீட்டர். ஆய்வக வகுப்பு முடிந்து பேருந்தில் வந்து இறங்கி, பிரதான சாலையிலிருந்து இருட்டில் இரண்டு கிலோமீட்டர் நடந்து வருவாள். அவள் வரும் வரை திண்ணையில் அமர்ந்திருப்பது என் வழக்கமாயிற்று. அவளிடம் ஓட்டுநர் உரிமம் இருந்தது. என் சேமிப்பில் ஒன்றரை லட்சம் ரூபாய் இருந்தது.

தரகர் ஒருவர் கும்பகோணத்தில் ஒரு வீட்டுக்கு அழைத்துச் சென்றார். 2014-ஆம் ஆண்டு மாருதி ஆல்ட்டோ. கணவரை இழந்த, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் பெயரில் இருந்தது. விலை 1,65,000 ரூபாய். உடன் வந்த மெக்கானிக், இன்ஜின் சூடேறுமுன் இயக்கிப் புகை பார்த்தார். தரைவிரிப்பைத் தூக்கித் துருவைத் தேடினார். "தைரியமாக வாங்கலாம்" என்றார்.

நான் ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்தேன். அதில் வங்கியின் ஹைப்பாதிகேஷன் குறிப்பு நீக்கப்படாமலே இருந்தது.

"கடனை அப்போதே அடைத்தாயிற்று. இதையெல்லாம் அவர்தான் பார்ப்பார், எனக்கு ஒன்றும் தெரியாது" என்றார் அந்த அம்மாள்.

"இது பெரிய சிக்கலாயிற்றே! இருபதாயிரம் குறைத்தால்தான் பார்க்கலாம்" என்றார் தரகர். அம்மாள் தயங்கிச் சம்மதித்தார். நான் வாய் திறக்கவில்லை. 5,000 ரூபாய் முன்பணம் கொடுத்துத் திரும்பினேன்.

இரவு பேத்தி கேட்டாள்: "அந்தக் குறிப்பை நீக்க எவ்வளவு செலவாகும், தாத்தா?"

கடன் கொடுத்த வங்கியில் தடையில்லாச் சான்றும், கையொப்பமிட்ட 35-ஆம் படிவமும் பெற்று, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சிறு கட்டணம் செலுத்தினால் போதும். அந்தப் படிவத்தில் நானே பலமுறை கையொப்பமிட்டவன். அதைச் சொன்னேன். அவள் பதில் பேசாமல் எழுந்து போனாள். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. தெரிந்தே காத்த மௌனத்துக்கு இருபதாயிரம் ரூபாய் கூலி பெற்றிருந்தேன்.

மறுநாள் தனியே சென்று, "நேற்றே சொல்லியிருக்க வேண்டும், அம்மா. சொல்லாதது என் பிழை" என்று உள்ளதைக் கூறினேன். அவரை வங்கிக்கு அழைத்துச் சென்று சான்றுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். முழு விலையையும் கொடுத்தேன். குறைந்த பதினைந்தாயிரம், நானும் மனைவியும் காசிக்குச் செல்ல எடுத்து வைத்திருந்த தொகையிலிருந்து வந்தது. "காசி எங்கும் போய்விடாது" என்றாள் அவள்.

புறப்படும்போது அம்மாள் ஒரு கோப்பைக் கொடுத்தார். ஆயில் மாற்றிய தேதி முதல் கிளட்ச் பிளேட் மாற்றிய ரசீது வரை அவருடைய கணவர் வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். "இனி உங்கள் வீட்டுக்குத்தான் இது பயன்படும்" என்றார்.

பேரக்குழந்தைகளுக்குப் பழைய வண்டி வாங்குவோர் 29, 30-ஆம் படிவங்களில் பெயர் மாற்றத்தையும், 14 நாட்களுக்குள் காப்பீட்டு மாற்ற விண்ணப்பத்தையும் தவறாமல் முடித்துக்கொள்க. இப்போது பிள்ளையார் கோயில் திருப்பத்தில் ஆல்ட்டோவின் விளக்கு தெரிந்ததும் நான் திண்ணையை விட்டு எழுந்து உள்ளே போகிறேன்.