கை கழுவினீங்களா டாக்டர்?

போன வருஷம் தாத்தா மாரடைப்பு வந்து பன்னிரண்டு நாள் ஐ.சி.யூ.வில் இருந்தார். கழுத்தில் பெரிய ரத்தக்குழாய்க்குள் ஒரு டியூப் போட்டிருந்தார்கள். சென்ட்ரல் லைன் என்று பெயராம். மருந்தெல்லாம் அதன் வழியாகத்தான் போனது. இதயம் தேறிக்கொண்டு வந்த நேரத்தில் குளிர்காய்ச்சல். "ரத்தத்துல இன்ஃபெக்‌ஷன். ஐ.சி.யூ.ல இது சகஜம்பா" என்றார் டூட்டி டாக்டர்.

சகஜமா? வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன்.

அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பீட்டர் ப்ரோனோவோஸ்ட் என்று ஒரு டாக்டர். 2001-ல் இந்த டியூப் போடுவதற்கு ஒரு செக்லிஸ்ட் எழுதினார். பிறகு மிச்சிகன் மாநிலம் முழுக்க அதைக் கொண்டுபோனபோது அதில் இருந்தவை ஐந்தே விஷயங்கள். கை கழுவு. மாஸ்க், கவுன், கிளவுஸ் போட்டு நோயாளியை முழுக்க மூடு. தோலை குளோர்ஹெக்சிடின் வைத்துத் துடை. முடிந்தவரை தொடையில் குத்தாதே. தேவை முடிந்ததும் டியூபை எடுத்துவிடு.

இதில் எது டாக்டர்களுக்குத் தெரியாது? எல்லாமே தெரியும். ஆனாலும் ஹாப்கின்ஸிலேயே மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான நோயாளிகளுக்கு ஏதோ ஒன்று விட்டுப்போனது. அதனால் இன்னொன்றும் செய்தார்கள். அவசர கேஸ் தவிர, டாக்டர் ஒரு படியை விட்டால் அவரை நிறுத்தும் அதிகாரத்தை நர்ஸுக்குக் கொடுத்தார்கள். மிச்சிகனில் 103 ஐ.சி.யூ.க்களின் கணக்கு 2006-ல் வெளியானது. ஆயிரம் டியூப்-நாட்களுக்குச் சராசரியாக 7.7 ஆக இருந்த தொற்று, ஒன்றரை வருஷத்தில் 1.4 ஆகியிருந்தது!

ஆடிட்டிங் பேப்பரில் நாம் உருப்போடும் 'இன்டெர்னல் செக்' இதுதானே? காசு வாங்குகிறவரே லெட்ஜரும் எழுதக் கூடாது. அவர் திருடன் என்பதால் இல்லை, மனுஷன் என்பதால்.

இனி நான் சொல்ல வேண்டியது. ஒருநாள் பார்வையாளர் நேரத்தில் ஒருவர் பக்கத்துப் படுக்கையிலிருந்து நேராக வந்து, அதே கையால் தாத்தாவின் டியூபைத் திறந்து ஊசி போட்டார். கட்டில் கால்மாட்டிலேயே ஹேண்ட் ரப் பாட்டில் தொங்கியது. பாட்டி என்னைப் பார்த்தார். நான் வாயே திறக்கவில்லை. கோபித்துக்கொண்டால் தாத்தாவைச் சரியாகப் பார்க்காமல் விட்டுவிடுவார்களோ என்று பயம்.

தொற்று அந்தக் கையால்தான் வந்தது என்று நான் சொல்ல முடியாது. தாத்தா பிழைத்து வீட்டுக்கு வந்துவிட்டார். ஆனால் அந்த ஒரு கேள்விக்கு எனக்கு யாருடைய அனுமதி தேவைப்பட்டது? நீங்களாவது கேளுங்கள்.