மலைநாட்டு ஏற்றமும் மண்டையிடியும்

கொழும்பிலிருந்து அவிசாவளை, கித்துள்கலை வழியாக மேலேறும் வீதி கினிகத்தேனையைத் தாண்டியதும் காற்றின் குணம் மாறிவிடுகின்றது. அதுவரை நெற்றியில் வழிந்த வியர்வை உலர்கின்றது. பேருந்தின் சாளரங்கள் ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன. வட்டவளையில் மழை, ஹட்டனில் மூடுபனி. இருமருங்கும் தேயிலை. 1867 ஆம் ஆண்டில் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் என்பார் 19 ஏக்கரில் நட்ட செடி, கோப்பிப் பயிரை நோய் அழித்தபின் இம்மலைகள் எங்கும் பரவிற்று. அதைப் பரப்பிய கைகள் தமிழகத்திலிருந்து வந்தவர்களின் கைகள்.

மலைநாட்டின் எழிலைப் பாடியோர் பலர். அம்மலைகளில் நாள்தோறும் ஏறி இறங்குவோரின் உடம்பு படும் பாட்டைச் சொன்னவர் சிலரே. நாம் இங்கு எழுதப் புகுந்தது ஒரு தலைவலியைப் பற்றி. உடலை வருத்தி உழைக்கும்போது திடீரென்று வந்து, இளைப்பாறினால் தணிகின்ற தலைவலி அது. தோட்டத்து மக்கள் அதனை மண்டையிடி என்பர்.

முதலில் அதை நாம் கண்டது சிவனொளிபாத மலையில். மார்கழியில் தொடங்கி வைகாசிப் பூரணை வரை நீளும் யாத்திரைக் காலத்தில், நல்லதண்ணியிலிருந்து நள்ளிரவிற்குச் சற்று முன்னர் ஏறத் தொடங்கினோம். ஆயிரக்கணக்கான படிகள், உச்சி 2,243 மீற்றர். எம்முடன் வந்த கல்லூரி மாணவர் ஒருவர், பந்தாட்டத்தில் வல்லவர், முதல் இரண்டு மணித்தியாலமும் எம்மையெல்லாம் பின்னே விட்டுப் பாய்ந்து ஏறினார். படிகள் செங்குத்தாகும் இடத்தில் திடீரென்று இரு கைகளாலும் தலையைப் பற்றிக்கொண்டு அமர்ந்துவிட்டார். இரு பொட்டுகளிலும் நாடி துடிப்பதுபோல் வலி. தேநீர்க் கடைக்காரர் சுடச்சுட இஞ்சித் தேநீர் கொடுத்தார். வயோதிக யாத்திரிகர் ஒருவர், "பனி பிடிச்சிருச்சு தம்பி, தலையில துணியைக் கட்டு" என்றார். ஒரு மணித்தியாலம் சென்றதும் வலி தணிந்தது. மெல்ல நடந்து, விடியலுக்கு முன்னரே உச்சியைச் சேர்ந்தார்.

பனியா, உயரமா, உழைப்பா? இறங்கி வந்தபின் ஹட்டனில் எமக்கு அறிமுகமான வைத்தியர் ஒருவரிடம் இதனைக் கேட்டோம். உயரத்தினால் வரும் மலைநோய் பெரும்பாலும் 2,500 மீற்றருக்கு மேலேதான் என்றார். நுவரெலியா நகரம் 1,868 மீற்றர். இலங்கையின் மிக உயர்ந்த பீதுருதலாகலையே 2,524 மீற்றர்தான். ஆகவே உயரத்தின்மேல் மட்டும் பழி போடுவதற்கில்லை. ஆயினும் நுவரெலியாவில் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்கே. அந்த மெல்லிய காற்றில் கடுமையாக உழைக்கும்போது தலையின் குருதிக் குழாய்கள் விரிவடைவதால் இவ்வலி தோன்றுவதாக வைத்திய நூலார் கருதுகின்றனர். கடும் வெயிலிலும் உயர்ந்த இடங்களிலும் இது எளிதில் வரும். பெரும்பாலும் இரண்டு நாளைக்கு மேல் நீடிப்பதில்லை.

1968 இல் மெக்சிக்கோ நகரில் ஒலிம்பிக் விளையாட்டுகள் நடைபெற்றபோது, உலகின் தலைசிறந்த வீரர்களில் சிலரே ஓட்டம் முடிந்ததும் தலையைப் பிடித்துக்கொண்டு படுத்தனர். அந்நகரின் உயரம் 2,240 மீற்றர். எம் மாணவர் ஏறிய மலையுச்சிக்கும் அதற்கும் வேற்றுமை சில அடிகளே! இதைக் கேட்டதும் அவர் முகத்தில் தோன்றிய பெருமிதத்தை நாம் குறிப்பிடாமல் இருப்பதே நலம்.

வைத்தியர் சிரிக்கவில்லை. அதே 1968 இல் ரூக் என்னும் அமெரிக்க வைத்தியர், இத்தகைய தலைவலி உடைய 103 பேரைப் பற்றி எழுதியதை எமக்கு எடுத்துரைத்தார். பெரும்பாலோருக்கு ஆண்டுகள் செல்லச் செல்ல வலி தானே குறைந்தது. ஆனால் 10 பேருக்குத் தலையினுள்ளே வேறொரு நோய் இருந்தது. "பத்தில் ஒன்று. அந்த ஒருவர் யார் என்பதுதான் எங்கள் கவலை" என்றார் அவர்.

இடி விழுந்தாற்போல் ஒரு நிமிடத்துள் உச்சம் அடையும் வலி, வாந்தி, கழுத்து விறைப்பு, பார்வை இரண்டாகத் தெரிதல், மயக்கம், கை கால் தளர்ச்சி. இவற்றுள் ஒன்று இருப்பினும் மூளையைச் சூழ்ந்த உறையின்கீழ்க் குருதி கசிந்திருக்கக்கூடும். முதல் ஆறு மணித்தியாலத்துள் எடுக்கும் சி.ரி. படம் அதனை மிகத் தெளிவாகக் காட்டும். நாட்கள் செல்லச் செல்ல அத்தெளிவு குறையும். நடுவயதைக் கடந்தவர்க்கு ஏற்றத்தில் தலைவலி வந்து நின்றதும் மறையுமாயின், சிலவேளை அது இருதய நோயின் குரலாகவும் இருக்கும். தலையில் துணி கட்டிக்கொண்டு காத்திருப்பதற்குரிய வலிகள் அல்ல இவை.

மறுநாள் தோட்டமொன்றிற்குச் சென்றோம். அங்கேதான் விடயத்தின் உண்மையான கனம் எமக்கு விளங்கிற்று. விளையாட்டு வீரரும் யாத்திரிகரும் விரும்பி ஏறுகிறவர்கள். கொழுந்து பறிக்கும் பெண்களுக்கோ அதுவே சீவனம். விடியற்காலையில் பிரட்டுக்குச் சென்று, ரொட்டியும் சாயத்தண்ணியும் உண்ட வயிற்றோடு மலையேறுகின்றனர். கூடைக்குப் பதிலாக இன்று பல இடங்களில் சாக்குப்பை வந்துவிட்டது; ஆனால் அதைத் தாங்கும் கயிறு மாத்திரம் தலையை விட்டு இறங்கவில்லை. நாளொன்றுக்குப் பறிக்கவேண்டிய கொழுந்து 16 முதல் 20 கிலோ வரை. மழையில் நனைந்த கொழுந்தோ இன்னும் பாரம். நிறுக்கும்போது ஈரத்திற்கென்று கழிப்பார்கள். சுமக்கும்போது கழிப்பார் யார்?

"கயிறு அழுத்துற எடத்துலதான் மொதல்ல வலி எடுக்கும் ஐயா. நெறஞ்ச பையோட ஏத்தத்துல வர்றப்ப மண்டை ரெண்டாப் பொளக்கும். எறக்கி வச்சா செத்த நேரத்துல போயிரும்" என்றார் முதிய பெண்மணி ஒருவர்.

தண்ணீர் குடிப்பதுண்டா எனக் கேட்டோம். அவர் பதில் கூறாது பக்கத்தில் நின்றவரைப் பார்த்தார். மலையில் ஒதுங்க மறைவிடம் இல்லாதபோது பெண்கள் தாகத்தை அடக்கிக்கொள்வர் என்பதைப் பின்னரே வேறொருவர் எமக்குச் சொன்னார். நீர்க்குறைவும், தோட்டத்துப் பெண்களிடம் பரவலாகக் காணப்படும் குருதிச்சோகையும் தலைவலிக்கு உற்ற துணைகள்.

அந்த வரிசையில் நின்ற இளம் பெண்ணொருவர் கழுத்தைத் திருப்பாமல் உடம்போடு சேர்த்துத் திரும்பியதை நாம் கவனித்தோம். முந்தின நாள் மாலையில் விறகுக்கட்டைத் தலைக்குத் தூக்கியபோது, "பளீர்னு அடிச்சாப்புல" வலி வந்ததாம். ஒருமுறை வாந்தியும் எடுத்ததாம். தைலம் தேய்த்துக்கொண்டு வேலைக்கு வந்துவிட்டார். "ஞாயித்துக்கெழம ஆஸ்பத்திரிக்குப் போறேன் ஐயா. இப்ப மலைய விட்டு எறங்குனா அரைப்பேருதான் விழும்" என்றார். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நான்கு நாட்கள் இருந்தன.

முந்தின நாள் வைத்தியர் கூறிய ஒவ்வொரு சொல்லும் எம் காதில் ஒலித்தது. கங்காணியை அழைத்து விடயத்தைச் சொன்னோம். அவர் முதலில் தயங்கினார். பின்னர், "எந் தங்கச்சியும் இப்பிடித்தான் விழுந்துச்சு" என்று தாழ்ந்த குரலில் கூறிவிட்டு, நிறுவைக்கு வந்திருந்த கொழுந்து லொறியை நிறுத்தினார். நோயாளர் வண்டிக்குரிய 1990 என்னும் இலக்கம் அவருக்குத் தெரிந்தே இருந்தது. ஆனால் அவ்வளைவில் தொலைபேசிக்கு அலை எட்டவில்லை. ஹட்டனை அடுத்த டிக்கோயாவில் 2017 இல் இந்திய உதவியுடன் 150 படுக்கைகள் கொண்ட புதிய வைத்தியசாலைக் கட்டடம் திறக்கப்பட்டது உண்மையே. லயத்திலிருந்து தார்வீதிக்கு வருவதே நெடும்பயணமாக இருக்கும் தோட்டங்களும் உண்மையே.

பெரிய வைத்தியசாலையொன்றில் படம் எடுத்துப் பார்த்தார்கள். கசிவு இல்லை. குருதி அழுத்தம் மிகுந்திருந்ததுடன் குருதிச்சோகையும் காணப்பட்டது. மாத்திரை கொடுத்து, இரண்டு கிழமைக்குப் பாரம் எதுவும் தூக்கலாகாது என்று எழுதிக் கொடுத்தனர். அந்தக் கடதாசியை நான்காக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு திரும்பி வந்தவர் எம்மிடம் கேட்டது ஒன்றே: அந்த இரண்டு கிழமைக்கும் பேர் விழுமா? கணக்கப்பிள்ளையிடம் கேட்டுச் சொல்வதாகக் கங்காணி கூறினார்.