இரண்டாவது கையெழுத்து

ஆபீஸில் உங்கள் சுழல் நாற்காலி என்றைக்காவது திடீரென்று பின்பக்கம் சாய்ந்திருக்கிறதா? ஒரு விநாடி உயிர் தொண்டைக்கு வந்துவிட்டுப் போகும். கை தன்னாலே எதையாவது பிடித்து இழுக்கும். ஃபைலோ, டீ டம்ளரோ, பக்கத்து சீட்காரரின் சட்டையோ... அகப்பட்டதை! நாலு பேர் சிரிப்பார்கள். நீங்கள் ஒரு புகார் எழுதிக் கொடுப்பீர்கள். அது எங்கேயாவது தூங்கும். அத்தோடு சரி.

2018 அக்டோபர் 12-ம் தேதி, நள்ளிரவு தாண்டிய நேரம், திருச்சி விமான நிலையத்தில் இதே சங்கதி நடந்தது. சாய்ந்தது ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் கேப்டனின் நாற்காலி. துபாய்க்குக் கிளம்பிய போயிங் 737 ஓடுபாதையில் ஓடிக்கொண்டிருக்கிறது. கேப்டனின் கை இருந்த இடமோ, இன்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற லீவர். ஆள் பின்னால் சாய, கையோடு லீவரும் பின்னால் வந்துவிட்டது. இன்ஜினின் வேகம் குறைந்தது. குறைந்ததை இரண்டு விமானிகளுமே கவனிக்கவில்லை என்று பிற்பாடு விசாரணை அறிக்கை சொன்னது.

ஓடுபாதையின் கடைசியில்தான் விமானம் எழும்பியது. அங்கிருந்த ஆன்டெனாவை இடித்து, காம்பவுண்டு சுவரையும் உடைத்துக்கொண்டு பறந்தது. அடிவயிற்றில் காயத்தோடு சுமார் நாலு மணி நேரம் ஆகாயத்தில் இருந்துவிட்டு மும்பையில் இறங்கியது. உள்ளே 136 பேர். அத்தனை பேரும் பத்திரம்.

மதுரைக்காரர்களுக்குத் திருச்சி பக்கத்து வீடு மாதிரி. மேலூர், கொட்டாம்பட்டி, விராலிமலை தாண்டினால் வந்துவிடும். வளைகுடாவுக்குப் போகிற நம்மாட்கள் எத்தனையோ பேருக்கு அதுதான் வாசல். என் தம்பியும் அந்த வாசல் வழியாகத்தான் துபாய் போனான். போன வருஷம் அவனுக்குக் குழந்தை பிறந்து, ‘அம்மா வந்து பார்க்கட்டும்’ என்று போன் பண்ணியபோது அம்மா கேட்ட முதல் கேள்வி:

"அந்தச் செவத்தை எடுத்துட்டாகளா, திரும்பக் கட்டிட்டாகளா?"

இதற்குப் பதில் சொல்ல எங்கள் வம்சத்திலேயே தகுதியுள்ள ஆள் என் அக்கா மகன்தான். பெங்களூரில் ஒரு கம்பெனியில் வேலை. விமானத்தின் சாமான்கள் எப்படியெல்லாம் கெட்டுப்போகும் என்று உட்கார்ந்து யோசித்துக் கணக்குப் போடுவதற்குச் சம்பளம். ‘இவனுக்கு நல்லதா ஒண்ணு யோசிக்கத் தெரியாதா’ என்று அக்காவுக்கு வருத்தம். சித்திரைத் திருவிழாவுக்கு லீவில் வந்திருந்தான்.

"மாமா, இதுக்குப் பேரு ஃபால்ட் ட்ரீ. பழுது மரம்னு வச்சுக்கங்க."

மரம்தான், ஆனால் தலைகீழ் மரம். உச்சியில் நடக்கவே கூடாத ஒன்றை எழுத வேண்டியது. அப்புறம் ‘ஏன்? ஏன்?’ என்று சின்னப் பிள்ளை மாதிரி நச்சரித்துக் கீழே கிளை விட்டுக்கொண்டே போக வேண்டியது. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில், மினிட்மேன் ஏவுகணை தப்பித் தவறித் தானாகக் கிளம்பிவிடக் கூடாதே என்ற கவலையில் பெல் ஆய்வுக்கூடத்தார் கண்டுபிடித்தது. போயிங் கம்பெனி அதைப் பிடித்துக்கொண்டு, பயணிகள் விமானம் வரைக்கும் கொண்டுவந்துவிட்டது.

"பி.காம். படிச்சவனுக்குப் புரியற மாதிரி சொல்லு மாப்ளே."

"காலையில வைகை எக்ஸ்பிரஸைக் கோட்டை விடுறீங்க. அதான் உச்சி. ஏன் விட்டீங்க? தூங்கிட்டீங்க, அல்லது ஆட்டோ வரலை. ‘அல்லது’ வந்தா ரெண்டு வாய்ப்பையும் கூட்டணும். சரி, ஏன் தூங்கினீங்க? அலாரமும் அடிக்கலை, அத்தையும் எழுப்பலை. ‘உம்’ வந்தா பெருக்கணும். அலாரம் நூறு நாளைக்கு ஒருநாள் மக்கர் பண்ணும். அத்தை அம்பது நாளைக்கு ஒருநாள் அசந்துடுவாங்க. ரெண்டும் ஒரே நாள்ல நடக்க, அய்யாயிரத்துல ஒண்ணு."

"இதுக்கா எம்.இ. படிச்சே?"

சிரித்தான். விமானத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் வரம்பைச் சொன்னான். விமானத்தையே விழ வைக்கிற எந்த ஒரு பழுதும், நூறு கோடி மணி நேரப் பறத்தலில் ஒரு தடவைக்கு மேல் வரக்கூடாதாம். கால்குலேட்டரை எடுத்தேன். ஒரே விமானம் இறங்காமல் பறந்தால் ஒரு லட்சத்துப் பதினாலாயிரம் வருஷம்! நம்ம கீழடிக்கே சுமார் 2,600 வருஷம்தான் சொல்கிறார்கள்.

"நூறு கோடிக்கு எங்கடா போறது?"

"ஒத்தைச் சாமான் அவ்வளவு தாங்காது மாமா. அதான் ரெண்டு, மூணுன்னு வைக்கிறது. ஆயிரம் மணி நேரத்துக்கு ஒருக்கா கெடுற சாமான் மூணு வச்சா, ஒரே மணி நேரத்துல மூணும் கெட... ஆயிரம் பெருக்கல் ஆயிரம் பெருக்கல் ஆயிரம். நூறு கோடியில ஒண்ணு."

"அடேங்கப்பா, சுலபமா முடிஞ்சுபோச்சே!"

"அங்கதான் சூதே இருக்கு. பெருக்கறதைக் கம்ப்யூட்டர் பண்ணிடும். பெருக்கலாமா கூடாதாங்கறதை மனுஷன்தான் பார்த்து வைக்கணும். என் வேலை அதுதான்."

முதல் சூது, ஸ்டெப்னி. வண்டியில் ஸ்டெப்னி இருக்கிறது என்று நிம்மதியாகப் போகிறோம். அதில் காற்று இருக்கிறதா என்று யார் பார்த்தது? அது ஆயிரம் நாளைக்கு ஒருமுறை பஞ்சராகும் ஜாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். தினமும் தட்டிப் பார்த்தால், வேண்டிய நேரத்தில் காலை வாருகிற வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றுக்கும் கீழே. வருஷத்துக்கு ஒருதரம் பார்த்தால்? கிட்டத்தட்ட ஆறில் ஒன்று! டயர் அதேதான். நாம் பார்க்கிற இடைவெளிதான் வேறே. எதை எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை சோதிக்கிறோம் என்ற எண்ணைக் கணக்கில் தப்பாக வைத்தால், நூறு கோடி சில ஆயிரமாகச் சுருங்கிவிடும்.

இரண்டாவது சூதைக் கேள்வியாகவே கேட்டான்.

"அத்தை காலையில எப்படி எந்திரிக்கிறாங்க?"

"அலாரம் சத்தத்துலதான்."

"அப்ப அது ரெண்டு இல்லை மாமா, ஒண்ணு. அய்யாயிரம்னு நான் சொன்ன கணக்கு பொய்."

எனக்குச் சுருக்கென்றது. 1989 ஜூலை 19-ல் அமெரிக்காவில் ஒரு டி.சி.-10 விமானத்துக்கு இதுதான் நடந்தது. இறக்கையையும் வாலையும் அசைக்க மூன்று தனித்தனி எண்ணெய் அமைப்புகள். மூன்றும் சேர்ந்து போவதாவது என்று இருந்தார்கள். வால் பக்கத்து இன்ஜினில் ஒரு பெரிய சக்கரம் உடைந்து தெறித்தது. மூன்றின் குழாய்களும் அந்த வால் வழியாகத்தான் போயின. ஒரே தெறிப்பில் மூன்றும் காலி. மீதி இரண்டு இன்ஜின்களின் வேகத்தைக் கூட்டிக் குறைத்தே விமானத்தைத் திருப்பி, சூ சிட்டியில் கொண்டுவந்து போட்டார்கள். 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். 112 பேர் போய்விட்டார்கள்.

அவன் சொல்லச் சொல்ல எனக்கு நான் முன்பு கணக்கு எழுதிய ஓர் ஆபீஸ் ஞாபகம் வந்தது. அங்கே செக்கில் இரண்டு அதிகாரிகள் கையெழுத்துப் போட வேண்டும். முதலாமவர், ‘எப்படியும் அவர் பார்ப்பார்’ என்று போடுவார். இரண்டாமவர், ‘அதான் அவர் பார்த்துட்டாரே’ என்று போடுவார். லீவில் போகும்போது அவர் செக் புத்தகம் முழுக்கக் கையெழுத்துப் போட்டுவிட்டே போவார். பெருக்கல் கணக்குப்படி அது கோட்டை. நிஜத்தில் குட்டிச்சுவர்.

"கரெக்ட் மாமா. திருச்சியிலயும் ரெண்டு பேர் இருந்தாங்க. நாற்காலி சாயறது தனியாப் பார்த்தா சின்ன விஷயம். கை எங்க இருக்கு, லீவர் வந்ததை அடுத்தவர் பார்த்தாரான்னு கிளை பிடிச்சுப் போனாத்தான் சுவர் வரைக்கும் போகும்."

மறுநாள் அழகர் ஆற்றில் இறங்கியதைப் பார்த்துவிட்டு வந்த அசதியில் வீடே படுத்துக் கிடந்தது. அவனுக்கு ஆபீஸிலிருந்து போன்.

"இல்லைங்க... முதல்ல போட்டவர் கெட்டிக்காரர்தான். அதுக்காக நான் பார்க்காமப் போட முடியாதுங்க... அந்தச் சோதனை இடைவெளி நம்பரு எங்கருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியணும்... சும்மா ஒரு கிளிக்தான், தெரியுது... லேட் ஆனா ஆகட்டுங்க. நாளன்னிக்கு வந்து உக்காந்து பார்த்துட்டுப் போடறேன்."

எதிர்முனையில் இருந்தவர் நன்றாகவே சத்தம் போட்டிருக்க வேண்டும். போனை வைத்தபோது பையன் முகம் சிவந்திருந்தது.

"இந்த வருஷ இன்க்ரிமென்ட்டு அவ்வளவுதான் மாமா. போன தடவையும் இப்படித்தான் ஆச்சு."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிற பையன். தூங்குகிறாள் என்று நாங்கள் நினைத்திருந்த அம்மா பாயிலிருந்தே குரல் கொடுத்தாள்:

"ஏன் ராசா, நீ கையெழுத்துப் போட மாட்டேன்னியே, அது எந்த ஏரோப்பிளேன் கணக்கு?"

"அந்தச் சாமான் பல ஏரோப்பிளேன்ல போகும் அம்மாச்சி."

"நான் போறதுலயும் இருக்குமா?"

"இருந்தாலும் இருக்கும்."

"விழாதுன்னு எழுதிக் குடுப்பியா?"

"மாட்டேன் அம்மாச்சி. விழாதுன்னு யாரும் எழுத முடியாது. பார்த்தேன்னு எழுதுவேன். நான் பார்க்கலைன்னா அதையும் எழுத மாட்டேன்."

அம்மா கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"தம்பிக்குப் போனைப் போட்டு டிக்கெட் எடுக்கச் சொல்லுடா. ஜன்னலோரம் கிடைக்குமான்னு கேளு."