சைகோன் சந்தையில் பேரம்

வியட்நாம் தேசத்து ஹானோய் நகரில் உபாத்தியாயர் உத்தியோகம் ஏற்று ஓராண்டு கழிந்தபின், விடுமுறையில் தம்பதி சமேதராய்த் தெற்கே சைகோனுக்குப் பிரயாணமானோம். 1976-ஆம் ஆண்டு முதல் அதன் பெயர் ஹோ சி மின் நகரம். ஆயினும் ஊரார் பலர் இன்னும் வாய் நிறையச் சைகோன் என்றே சொல்கிறார்கள்.

சைவ போஜனக்காரர்களாகிய எங்களுக்கு முதற் கவலை வயிறுதான். அங்கே கீரைப் பொரியலில்கூட மீனைப் புளிக்கவைத்து வடித்த சாறு கலந்திருக்கும். 'சாய்' என்ற ஒரே சொல் எங்களைக் காப்பாற்றியது. சைவ உணவு என்று அதற்குப் பொருள். பௌத்தர்கள் பலர் சாந்திரமான மாதத்தின் 1-ஆம் நாளிலும் 15-ஆம் நாளிலும் மாமிசத்தை விலக்குவதால், 'கொம் சாய்' என்று பலகை தொங்கும் சோற்றுக் கடைகளுக்குக் குறைவில்லை. அப்படி ஒன்றில் வள்ளைக் கீரையும், தக்காளியில் வெந்த சோயாக் கட்டியுமாகத் திருப்தியாய் உண்டோம். விலை சுவரில் எழுதியிருந்தது, பேரத்துக்கு இடமில்லை.

பேரத்துக்கு இடம் பென் தான் சந்தை. மணிக்கூண்டு முகப்புடைய அந்தக் கட்டடம் 1914-ல் திறக்கப்பட்டது. அந்நாட்டு நாணயத்தில் ஒரு லட்சம் டாங் என்பது நம் ரூபாயில் 300-க்குச் சற்று மேல். ஆகவே வாத்தியாரும் அங்கே லட்சாதிபதியே! எங்கள் குடும்பத்தில் பேரம் மனைவியின் இலாகா. பணம் எண்ணிக் கொடுப்பது வாத்தியாரின் இலாகா.

கூம்பாகக் குவிந்த ஓலைத் தொப்பி ஒன்றுக்கு, கணக்கிடும் கருவியில் கடைக்காரி 2,00,000 என்று தட்டிக் காட்டினாள். இல்லத்தரசி 80,000 என்று தட்டினாள். அந்தப் பாஷையில் எதிரில் இருப்பவரை உறவு சொல்லியே அழைப்பது வழக்கம். 'சி' என்றால் அக்காள். 'அக்காள், அக்காள்' என்று சொல்லியே அவள் 1,40,000-க்கு இறங்கினாள். மீதி 20,000-க்காக, அதாவது அறுபத்துச் சொச்சம் ரூபாய்க்காக, நாங்கள் கடையை விட்டு நாலடி நடந்தோம். அவள் இணங்கினாள். பணத்தைக் கொடுத்துவிட்டு வெற்றி வீரர்களாய் வெளியேறினோம்.

"சி ஓய்! சி ஓய்!" என்று பின்னால் கூச்சல். விலை கட்டவில்லையென்று தொப்பியைத் திருப்பிக் கேட்கிறாள் போலும் என்று நடையைத் துரிதப்படுத்தினோம். வாசலில் அவள் எங்களைப் பிடித்துவிட்டாள். மூச்சிரைக்க, நீல நோட்டு ஒன்றை இல்லத்தரசியின் கையில் வைத்தாள். அது 5,00,000 டாங் நோட்டு! 20,000 நோட்டும் நீலம். இரண்டிலும் ஹோ சி மின் முகம்தான். வெற்றிக் களிப்பில் வாத்தியார் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை எண்ணிக் கொடுத்திருந்தார்.

வெட்கம் பிடுங்கித் தின்ன, அவள் கடைசியாகக் கேட்டுப் பார்த்தபடியே 40,000-ஐ நீட்டினோம். அவள் 20,000-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைத் திருப்பித் தந்தாள். பேசிய விலை பேசிய விலைதான்.

அதற்குப் பிறகும் இல்லத்தரசி பேரம் பேசவே செய்தாள். ஆனால் எந்தக் கடையையும் விட்டு நாலடி நடக்கவில்லை.