அராவிய பொடி

உட்பகை புகுந்த குடியின் அழிவுக்கு, அரத்தால் அராவப்பட்டுத் தேயும் உலோகத்தை உவமையாக்கினார் வள்ளுவர். அக்குறளை வகுப்பில் நடத்தியபோது, கிளியனூர்ப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் குடும்பத்து மாணவர் ஒருவர், "தேய்ந்த பொடி எங்கே போகும் ஐயா?" என்று கேட்டார். நாம் படித்த உரைகளில் இவ்வினா இல்லை. உவமை உலோகத்தோடு நின்றுவிடுகிறது. பட்டறையில் வேலை செய்பவர்க்கோ அங்கிருந்துதான் கவலை தொடங்குகிறது.

மரக்காணத்து உப்பளக் காற்று இரும்பை விட்டுவைப்பதில்லை. வாயிற்கதவுகளை அடிக்கடி துருபோகத் தேய்த்து வண்ணம் பூச வேண்டும். துருவுக்கு அஞ்சி அலுமினியச் சன்னலுக்கு மாறுவோரும் உண்டு. ஆகவே ஒரே கூரையின்கீழ், ஒரே கிரைண்டரில், இரண்டு உலோகங்களும் தேய்கின்றன. இரும்பு பொறியைத் தருகிறது. அலுமினியம் எரிபொருளைத் தருகிறது.

அலுமினியமா எரியும் என்று கேட்கலாம். கட்டியாக இருக்கையில் தீக்குச்சிக்கு அது அசையாது. பொடியானால் காற்றுபடும் பரப்பு பன்மடங்காகிறது. சிவகாசி வாணங்களின் வெள்ளொளி பெரும்பாலும் இப்பொடி எரிவதுதான். நுண்பொடி காற்றில் முகிலாய் எழுந்து, அடைபட்ட இடத்தில் ஒரு பொறியைச் சந்தித்தால் எரிவது வெடிப்பாகிறது. முதல் வெடிப்பு சிறிதாகவே இருக்கலாம். அது உத்தரத்திலும் விளிம்பிலும் படிந்த தூசியை உதறி எழுப்ப, இரண்டாம் வெடிப்பு கட்டடத்தையே கொண்டுபோகிறது. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த படலம் பரவலாகக் கிடந்தாலே போதும்.

2014 ஆகஸ்ட் 2 அன்று சீனத்தின் குன்ஷான் நகரில், கார்ச் சக்கரங்களை மெருகேற்றும் ஆலையில் இதுவே நிகழ்ந்தது. அன்றே 75 பேர் மாண்டனர். பின்னர் இறந்தோரையும் சேர்த்து 146 உயிர்கள். அங்கே தூசியை உறிஞ்சும் கருவி இல்லாமல் இல்லை. உறிஞ்சிய பொடியை நாள்தோறும் அகற்றாமல் விட்டதே கேடாயிற்று. சேகரக் கலத்தில் தேங்கிய அலுமினியப் பொடி ஈரமுற்றுச் சூடேறித் தீப்பற்றியது என்று விசாரணை கண்டது. நுரையீரலைக் காக்க வைத்த கருவியே வெடிகலமாயிற்று. ஈரக்காற்றும் துருவும் நீங்காத நம் கடற்கரைக்கு இது தொலைதூரச் செய்தியன்று.

புகையையும் தூசியையும் பிறக்குமிடத்திலேயே உறிஞ்சத்தான் வேண்டும். துத்தநாகம் பூசிய குழாயைப் பற்றவைத்த இரவில் காய்ச்சல் கண்டவர்கள் அதை அறிவார்கள். ஆனால் இரும்புப் பொறியும் அலுமினியப் பொடியும் ஒரே குழாயில் போகலாகாது. சேகரக் கலம் கட்டடத்துக்கு வெளியே இருக்கட்டும். குழாய்க்கு நில இணைப்பு வேண்டும். படிந்த தூசியைக் காற்றடித்து ஊதாமல், மென்தூரிகையால் மெல்லக் கூட்டி, அன்றன்றே அகற்ற வேண்டும். தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றலாகாது. நீரோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் எழும், தீ மேலும் மூளும். உலோகத் தீக்கென்றே செய்யப்படும் உலர்பொடிகளில் ஒருவகைக்கு அடிப்படை நம் உப்புதான். உப்பளத்து ஈர உப்பை அள்ளி வீசலாம் என்று இதற்குப் பொருளன்று. நன்கு உலர்த்திப் பக்குவப்படுத்திய பொடி அது.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், 14ஆம் பிரிவில் தூசியையும் புகையையும், 37ஆம் பிரிவில் வெடிக்கும் தூசியையும் தனித்தனியே சொன்னது. ஆனால் அச்சட்டப்படி மின்விசையுள்ள இடத்தில் பத்துப் பேர் வேலை செய்தால்தான் பொதுவாக அது தொழிற்சாலையாகக் கருதப்பட்டது. துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு தந்தையும் மகனும் தேய்க்கும் பட்டறை அந்தக் கணக்கில் வரவில்லை.

மாணவரின் வினாவுக்கு விடை இவ்வளவே: பொடி எங்கும் போவதில்லை. நாம் கொண்டுபோய்ப் போடும் வரை அங்கேயே இருக்கிறது, உட்பகையைப் போல.