நல்ல கால் படும் பாடு

டீச்சர் இன்று குதிரையைப் பற்றி எழுதப்போகிறேன், சிரிக்காதீர்கள். நான்கு மாதமாகக் காலை நீட்டி உட்கார்ந்திருப்பவளுக்குக் கண்டதையும் படிக்க நேரம் கிடைக்கிறது. அப்படிப் படித்ததில் ஒன்று மனதை விட்டுப் போகவில்லை.

பார்பரோ என்று ஓர் அமெரிக்கப் பந்தயக் குதிரை. 2006 மே 6 அன்று கென்டக்கி டெர்பியில் ஜெயித்தது. இரண்டே வாரத்தில், மே 20 அன்று, பால்டிமோரில் அடுத்த பந்தயம் தொடங்கியதுமே அதன் வலது பின்னங்கால் நொறுங்கிவிட்டது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனையில் டாக்டர் டீன் ரிச்சர்ட்சன் தகடு வைத்து, 27 திருகாணி போட்டு எலும்பைச் சேர்த்தார். எலும்பு கூடியும் வந்தது. ஆனால் ஜூலையில் இடது பின்னங்குளம்பில் நோய் கண்டது. அடியே படாத கால் அது! குளம்புச் சுவரில் சுமார் 80 சதவீதத்தை அகற்ற வேண்டியதாயிற்று. அடுத்த ஜனவரியில் முன்னங்கால்கள் இரண்டிலும் அதே நோய். 2007 ஜனவரி 29 அன்று, இனி வலியில்லாமல் அதனால் நிற்க முடியாது என்று கருணைக்கொலை செய்துவிட்டார்கள்.

அந்த நோய்க்கு லேமினைட்டிஸ் என்று பெயர். புரியவைக்க உங்கள் ஐந்தாம் வகுப்புக்கே போகிறேன். இரண்டு நோட்டுப் புத்தகங்களின் தாள்களை ஒன்று மாற்றி ஒன்று செருகிவைத்து, ஆளுக்கொரு பக்கம் இழுக்கச் சொல்வேனே, ஞாபகம் இருக்கிறதா? எவ்வளவு முக்கினாலும் பிரிக்க முடியாது. குதிரையின் குளம்புக்குள்ளும் அப்படித்தான். உள்ளே இருக்கும் எலும்பிலிருந்து 500-க்கும் மேற்பட்ட மெல்லிய இதழ்கள், குளம்புச் சுவரின் இதழ்களோடு கோத்துக்கொண்டிருக்கின்றன. எலும்பு தரையில் உட்காரவில்லை, அந்தச் சுவரில் தொங்குகிறது. நோட்டில் தாள்களின் உராய்வு பிடித்துக்கொள்கிறது. குளம்பில் பிடித்துக்கொண்டிருப்பது உயிருள்ள சதை, அதற்கு ரத்தம் வேண்டும்.

குதிரை சும்மா நிற்கும்போதும் கால் மாற்றி மாற்றி நிற்கும். பாரம் ஏறி இறங்கும்போதுதான் இதழ்களுக்குள் ரத்தம் சரியாகப் போய்வருகிறது. ஒரு கால் ஊன்ற முடியாமல் போனால் எதிர்க்காலுக்கு ஓய்வே இல்லை. 500 கிலோ உடம்பு அது, மாதக்கணக்கில் படுக்கவைக்கவும் முடியாது. இதழ்கள் பட்டினி கிடந்து பிய்ந்துகொள்கின்றன. பின்பக்கத் தசைநாண் வேறு எலும்பை இழுக்க, எலும்பு திரும்பும், அல்லது அப்படியே கீழே இறங்கும்.

இங்கேதான் லாடம் வருகிறது. நம் ஊர் மாட்டுக்குக் குளம்பு பிளந்திருப்பதால் இரண்டு துண்டாக அடிப்பார்கள், குதிரைக்கு ஒரே வளையம். சாதாரண லாடம் குளம்புச் சுவரின் விளிம்பைத்தான் தாங்கும். நோய் வந்த குதிரைக்கு அந்தச் சுவரோடு உள்ள பிடிப்புதானே அறுந்துபோனது! அதனால் அடிப்பாதத்தின் நடுவில் ரப்பர் போல முக்கோணமாக இருக்கிற பகுதிக்கும் பின்பாதத்துக்கும் மெத்தென்ற பொருளை நிரப்பி, பாரத்தை அங்கே வாங்க வைக்கிறார்கள். எலும்பின் நுனி இருக்கும் இடத்தை மட்டும் அழுத்தவிடுவதில்லை. முன்நுனியைப் பின்தள்ளிச் சரிவாக்கினால் காலைத் தூக்குவது எளிது. குதிகாலைச் சற்று உயர்த்தினால் தசைநாணின் இழுப்பு தளரும், ஆனால் அந்தப் பாரம் குதிகாலுக்குப் போகும். சுத்தியல் அடி தாங்காத குளம்புக்கு ஆணி இல்லாமல் பசையால் ஒட்டுகிறார்கள். எந்த லாடமும் குதிரையின் எடையில் ஒரு கிலோவைக்கூடக் குறைக்காது. அது எங்கே இறங்க வேண்டும் என்பதைத்தான் மாற்றும்.

குண்டான குட்டைக் குதிரைகளுக்கு எலும்பு முறியாமலேயே இது வருமாம். சர்க்கரைச் சத்து மிகுந்த புல்லை மேய்ந்து ரத்தத்தில் இன்சுலின் ஏறிவிடுவதால். படித்ததும் தனியாகச் சிரித்தேன். இருபது வருடச் சர்க்கரைக்காரி ஆயிற்றே நான்.

என் வலது பாதத்தில் கட்டைவிரலுக்கு அடியில் புண். அதில் பாரம் படாமல் இருக்க, தடித்த அடிப்பாகம் வைத்த செருப்பு கொடுத்திருக்கிறார்கள். போன மாதம் கல்யாணத்துக்கு வரவில்லை என்று கோபித்துக்கொண்ட உறவுகள் கேட்டது ஒரே கேள்வி: "இன்னொரு கால் நல்லாத்தானே இருக்கு, அதை ஊன்றி வர வேண்டியதுதானே?" அந்த இன்னொரு காலைத்தான் டாக்டர் ஒவ்வொரு முறையும் முதலில் தொட்டுப் பார்க்கிறார். மூன்று வாரமாக இடது பாதத்தில் காய்ப்பு விழுந்திருக்கிறது, தொட்டால் வலது பாதத்தைவிடச் சூடாக இருக்கிறது. எனக்கு உணர்ச்சி குறைவு என்பதால் வலியும் தெரியாது. குதிரையாவது நொண்டிக் காட்டும். வீட்டுக்குள்ளும் நடையைக் குறைக்கச் சொல்லிவிட்டார். சித்தி, அத்தை எல்லோரும் இதைப் படித்துவிட்டுக் கோபத்தை விட்டுவிடுங்கள். மாப்பிள்ளை பெண்ணோடு இங்கே ஒரு நாள் சாப்பிட வாருங்கள்.

இன்னொன்றும் சொன்னார். வலது செருப்பு உயரமாகிவிட்டதால் இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்து நடக்கிறேனாம். இடது எம்.சி.ஆர். செருப்பையும் அதே உயரத்துக்குக் கொண்டுவர வேண்டுமாம். நம் தெருமுனையில் செருப்புத் தைப்பவரிடம் ஆள் அனுப்பிக் கேட்டேன். இரண்டு செருப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, குச்சியால் அளந்து பார்த்துவிட்டு, இன்னொரு அட்டை ரப்பர் ஒட்டிப் புதன்கிழமை தருவதாகச் சொல்லியிருக்கிறார்.