பெயர் நீங்கிய தடங்கள்

குனோங் ஜெராய் மலையடிவாரத்து மெர்போக்கில் புஜாங் பள்ளத்தாக்குத் தொல்பொருட்காட்சியகம் உள்ளது. பழைய கடாரத்துக் கண்ணாடி மணிகளும், கடல் கடந்து வந்த சீனப் பீங்கான் ஓடுகளும் அங்கே காணக் கிடைக்கின்றன. அம்மணிகளை அணிந்தவர் பெயரை எவரும் அறியார். எனினும், ஒரே வகை மணி இரு கரைகளில் அகப்படுமாயின், அவற்றிடையே தொடர்பு இருந்திருக்கலாம் என ஆய்வாளர் கருதுவர்.

மெர்போக்கிற்கு அண்மையில், செமெலிங்கில், எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் அமைந்திருக்கிறது. எந்தப் பல்கலைக்கழகமாயினும், அங்குள்ளோர் இணையத்தினுள் புகும் வாயில் பெரும்பாலும் பொதுவானதே. எவர் எந்தத் தளத்தை எப்பொழுது நாடினார் என்பது வாயிற்கணினியில் பதிவாகக்கூடும். ஒரே தளத்தை நாடிய இருவரைக் கோடிட்டு இணைத்துக்கொண்டே சென்றால், ஒருவரையொருவர் அறியாதாரிடையேயும் விருப்ப வலை ஒன்று உருவாகும்.

இம்முறை இணையத்தினும் மூத்தது. 1941இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு நூலொன்று, 18 பெண்கள் 14 நிகழ்ச்சிகளில் கலந்துகொண்ட விவரத்தைக் கொண்டே அவர்களிடையே இரு குழுக்கள் இருந்தமையைக் காட்டிற்று. நம் தோட்டத்துப் பெரியவர்களுக்கு இது வியப்பன்று. எவர் எந்தத் திருமணத்திற்குச் சென்றார் என்று கேட்டே உறவையும் பகையையும் கணித்துவிடுவர்!

எல்லாரும் புகும் தேடுதளம் எதனையும் உணர்த்தாது. சந்தைக்குச் சென்றவர் யாவரும் நண்பராவரோ? ஆதலின், சிலரே நாடும் தளத்திற்கு மிகுந்த எடை தரப்படுகிறது. இடரும் அங்கேதான் இருக்கிறது. தோட்டத்து லயத்திலிருந்து வந்த மாணவி ஒருத்தி, வீட்டில் சொல்லவியலாத நோயொன்றைப் பற்றி நள்ளிரவில் தேடுகிறாள் எனக் கொள்வோம். ஆய்வுக்குமுன் அவள் பெயரை நீக்கி எண்ணொன்றை இட்டால் போதுமா?

2006இல் ஏ.ஓ.எல். நிறுவனம் ஏறத்தாழ 650,000 பயனர்களின் தேடற்சொற்களைப் பெயர் நீக்கி வெளியிட்டது. 4417749 என்ற எண்ணுக்குரியவர் தம் ஊரையும் குடும்பப் பெயரையும் தேடியிருந்தார். அவ்வளவே போதுமானதாயிற்று. சில நாள்களில் நியூயார்க் டைம்ஸ் செய்தியாளர் அந்த 62 வயதுக் கைம்பெண்ணைக் கண்டறிந்து, அவர் தேடியவற்றை அவரிடமே படித்துக்காட்டினர்.

மிகச் சிலரே நாடிய தளங்களைக் கணக்கினின்று விலக்கிவிட்டால் மாணவியின் மறைவு காக்கப்படும். ஆயின், வலையில் மிகுந்த எடை பெற்ற இழைகளும் அவையே. அவற்றை அறுத்தபின் எஞ்சுவது, சந்தைக்குச் சென்றவர் பட்டியல்தான். ஆய்வாளர் தயங்கி நிற்பதும் அவ்விடத்திலேயே.